தழும்புக்கு அழிரப்பர் கிடையாதுடே

ஏலே, இங்கன வா. அந்தப் பையில என்னடே வச்சிருக்க? திண்ணையில கொட்டு. மூணு டியூப்பு, ஒரு எண்ணெய்க் குப்பி, ஒரு சோப்பு. எவ்வளவாச்சு? 1800 ரூவாயா! எனக்கும் உங்க ஆச்சிக்கும் கல்யாணம் நடந்தப்போ பந்திச் செலவே அவ்வளவு ஆகலை. அந்தக் கண்ணாடியை எடு, என்ன போட்டிருக்கான்னு பாப்போம். 14 நாள்ல தழும்பு மறையுமாம். மறையும், ஏன் மறையாது? துட்டு மொத நாளே மறைஞ்சிட்டுல்லா.

ஆவணியில பைக்குல இருந்து விழுந்தே. மோவாயில ஆறு தையல், முழங்கையில ஒரு சாண் தோலு ரோட்டுக்குத் தானம். இப்ப கார்த்திகை. தை மாசம் கல்யாணம், போட்டோவுல தழும்பு தெரியக் கூடாதுன்னு நிக்க. பொண்ணு வீட்டுக்காரங்கதான்டே ஆசுபத்திரிக்கு மொத ஆளா ஆர்லிக்ஸ் பாட்டிலோட வந்தவங்க. அந்தப் பிள்ளையும் எட்டிப் பாத்துட்டுத்தான் போச்சு. பொறவு யாரு கண்ணுக்கு மறைக்கப் போற?

சங்க காலத்துல நெஞ்சுல வாங்குனா அது விழுப்புண்ணு, பெருமை. முதுகுல வாங்குனா புறப்புண்ணு, மானக்கேடு. வெண்ணிப் போர்ல முதுகுல காயம் பட்டுப் போச்சேன்னு சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்க பாத்து உக்காந்து, பட்டினி கெடந்தே உசுரை விட்டான். நீ செல்போனைப் பாத்துக்கிட்டே போயி ஸ்பீட் பிரேக்கர்ல வாங்குனது எந்தக் கணக்குல வரும்? தமிழ்ல அதுக்கு இன்னும் பேரு வைக்கலை.

சரி, மூஞ்சியத் தூக்காத, உக்காரு. தாலுகா ஆசுபத்திரியில 31 வருசம் கட்டுக் கட்டுன கையிடே இது. டாக்டருமாரு தச்சிட்டுப் போயிருவாங்க. தையலைப் பிரிச்சது நான். ஆறு மாசம் கழிச்சு அதே ஆளு சட்டையைத் தூக்கி, "இது என்ன இப்பிடி வந்திருக்கு"ன்னு காட்டுறதும் எங்கிட்டதான். பெரிய படிப்பு படிச்சவன் இல்ல நான். நெறைய பாத்தவன், டாக்டருமாரு பேசுறதை ஒட்டுக் கேட்டவன்.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். சின்னப் பிள்ளையில நீ முட்டியத் தேய்ச்சுட்டு வந்த கணக்குக்கு உன் ரெண்டு காலும் தழும்பால்லா இருக்கணும்? எங்க இருக்கு? இல்ல. மேல்தோல் மட்டும் உரிஞ்சா உடம்பு அதை அச்சுப் பிசகாம திரும்பப் போட்டுரும். காயம் கீழ்த்தோல்ல இறங்குனாத்தான் தழும்பு.

அந்தக் கீழ்த்தோலு இருக்கே, அது பத்தமடைப் பாய் மாதிரி. ஊடும் பாவுமா, எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும், விட்டா திரும்பும். அந்த இழைக்குப் பேரு கொலாஜன். அதுல ஒரு ஓட்டை விழுந்துட்டுன்னா உடம்பு என்ன செய்யும்? ஐப்பசி மழையில கூரை பிச்சுக்கிட்டுப் போனா, வீட்டுக்காரன் உக்காந்து பாயா முடைவான்? கைக்குக் கெடைச்ச ஓலையை ஒரே பக்கமா அடுக்கி வரிஞ்சு கட்டுவான். மழை உள்ள வராம இருந்தாப் போதும், அழகு யாருக்கு வேணும்? தழும்புங்கிறது அந்த அவசர ஓலைதான்டே. இழையெல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக் கெடக்கும். அதனாலதான் பளபளன்னு இருக்கு, மயிரு முளைக்க மாட்டேங்குது, வேர்வை வர மாட்டேங்குது.

ஓலை போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காத. மொத ரெண்டு மூணு நாளு வீங்கும், சிவக்கும். அது குப்பை அள்ளுற கூட்டம். நாலாம் நாள்ல இருந்து மூணு வாரம் ஓலை மேல ஓலையா அடுக்குவான். அதுக்குப் பொறவுதான் மெதுவாப் பழைய ஓலையை உருவிட்டு நல்ல ஓலையாச் சொருகுவான். அந்த வேலை ஒரு வருசம் நடக்கும், சில பேருக்கு அதுக்கு மேலயும் போகும். மூணாவது வாரத்துல அந்த இடத்துக்குப் பழைய தோலோட பலத்துல கால் பங்குகூட இருக்காது. மூணு மாசம் போனா நூத்துக்கு 80 வரைக்கும் வரும். அதோட சரி, 100 ஆகவே ஆகாது.

இப்ப உன் கணக்கைப் போடு. விழுந்து மூணு மாசம். தழும்பு செவப்பா, தடிப்பா, அரிப்பா, ஆக அசிங்கமாத் தெரியுற பருவமே இதுதான். நாத்து நட்டு மூணாம் நாளு வரப்புல நின்னு "கதிரைக் காணோமே"ன்னு அழுவுற சம்சாரி மாதிரி நிக்க. தழும்பே இல்லாம ஆறணும்னா அதுக்கும் ஒரு வழி உண்டு. தாயி வயித்துல ஆறு மாசம் ஆகறதுக்கு முன்னால இருக்கிற சிசுவுக்குக் காயம் பட்டா, தோலு சுவடே இல்லாம ஆறிருமாம். கருவுலயே ஆப்பரேஷன் பண்ற டாக்டருமாரு பாத்திருக்காங்க. நீதான் 26 வருசம் லேட்டு.

கையை நீட்டு. இங்க பாரு, முழங்கைக்குக் கீழ இந்தக் கருப்பு. தடவிப் பாரு, மேடு பள்ளம் ஏதாவது தட்டுப்படுதா? இல்லையில்லா. இது தழும்பே இல்லடே, கறை. நம்ம நெறத் தோலுக்குப் புண்ணு வந்தாலும், பரு வந்தாலும், கொசு கடிச்சுச் சொறிஞ்சாலும், அந்த இடத்துல சாயத்தைக் கொட்டிட்டுப் போயிரும். மாசக்கணக்குல அதுவா வெளுக்கும். நீ செய்ய வேண்டியது வெயில் படாம வைக்கிறது மட்டுந்தான். முழுக்கைச் சட்டை போடு. மூஞ்சிக்கு சன் ஸ்கிரீன் போடு. உங்க அப்பன் உன்னைப் பொம்பளைப் பிள்ளைன்னு கேலி பண்ணுவான், பண்ணிட்டுப் போறான். இந்தக் கறைக்குத்தான் ஊர்ல பாதிப் பேரு தழும்பு மருந்து வாங்குதான். ஆறு மாசத்துல அது தானா வெளுக்கும், பேரு டியூப்புக்குப் போயிரும்.

டியூப்புன்னதும் ஞாபகம் வருது. மெடிக்கல்ல நின்னு "தோலுக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு கேட்டா, சில கடையில யோசிக்காம ஸ்டீராய்டு கலந்ததைத் தூக்கிக் குடுத்துருவான். பத்து நாள் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும். மாசக்கணக்குல போட்டா தோலு வெங்காயச் சருகு மாதிரி ஆயிரும், வெயில்ல நின்னா எரியும், விட்டா பரு கிளம்பும். அந்தப் பச்சை மூடி போட்டது என்னன்னு படி. வைட்டமின் ஈயா? 1999-ல அமெரிக்காவுல 15 பேருக்குப் பாதித் தழும்புல அதைப் போட்டு, மீதிப் பாதியில வெறும் களிம்பைப் போட்டுப் பாத்தாங்க. முக்காவாசிப் பேருக்கும் மேல ஒரு பிரயோசனமும் இல்ல, மூணுல ஒரு ஆளுக்கு அரிச்சுத் தடிச்சதுதான் மிச்சம். அதைத் தள்ளி வை.

மோவாயைக் காட்டு. இது தழும்பு. ஆனா நல்ல தழும்பு, கோடு மாதிரி இருக்கு. ஏன் தெரியுமா? அஞ்சாம் நாளு உன்னைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி தையலைப் பிரிக்க வச்சேம்லா, அதனால. மூஞ்சித் தையலை அஞ்சு நாள்ல இருந்து ஏழு நாளைக்குள்ள எடுத்துரணும். கை காலுன்னா 10, 14 நாளு தாங்கும். ஒருக்கா ஒரு அம்மா நெத்தியில தையல் போட்ட பையனைக் கூட்டிட்டு 22-ஆம் நாளு வந்து நிக்கா. ஏம்மா இவ்வளவு நாளுன்னு கேட்டேன். அஷ்டமி வந்துச்சு, நவமி வந்துச்சு, பொறவு கொழுந்தியா வீட்டுச் சடங்கு வந்துச்சுன்னா. நூலு தோலுக்குள்ள பதிஞ்சு, பக்கத்துக்கு ஏழு புள்ளி. கத்திரியை நுழைக்க இடமில்ல, பையன் கத்துத கத்துல வராந்தா பூரா கூடிருச்சு. நெத்தியில தண்டவாளம் போட்ட மாதிரி ஆயிருச்சு. வெட்டுக் காயத்தோட தழும்பு மெல்லிசு. குறுக்குக் கட்டை எல்லாம் பஞ்சாங்கம் போட்டது. அந்தப் பையன் இப்ப ரயில்வேயில வேலை பாக்கான், அது வேற விசயம்.

இன்னொரு கொடுமை பத்தியம். தையல் போட்டாச்சுன்னா மீன் கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது, புண்ணு சீழ் வச்சிரும்னு ரசஞ்சோத்துல ஆளை உக்கார வச்சிருவாங்க. ஓலை வேயுறவனுக்கு ஓலையே குடுக்காம வேலை வாங்குன கதைடே இது. கொலாஜனைச் செய்யப் புரதம் வேணும், வைட்டமின் சி வேணும். எங்க பெரிய டாக்டர் ஒரு கதை சொல்லுவாரு. 1740-ல ஆன்சன்னு ஒரு இங்கிலீஷ்காரன் கப்பல் படையோட உலகத்தைச் சுத்தப் போனான். காயும் பழமும் இல்லாம ஆளுங்களுக்கு ஸ்கர்வி வந்துட்டு. அதுல ஒரு கிழட்டுச் சிப்பாய். 50 வருசத்துக்கு முன்னால, 1690-ல, அயர்லாந்துல பாய்ன் சண்டையில வாங்குன காயம், என்னைக்கோ ஆறித் தழும்பாகிப் போனது, நேத்துப் பட்ட மாதிரி பிளந்துக்கிட்டுதாம். அந்தப் பயணத்தைப் பத்தி 1748-ல வந்த புஸ்தகத்துல இருக்காம். தழும்பு செத்த தோலுன்னு நினைக்காத. உள்ள எப்பவும் ஒரு ஆளு பழைய ஓலையை உருவி புது ஓலை சொருகிக்கிட்டே இருக்கான். சரக்கு வரத்து நின்னா கூரை இறங்கிரும். நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் முட்டையும் அந்த டியூப்பை விடச் சல்லிசு. சக்கரை இருந்தா அதைக் கட்டுல வை. பீடி சிகரெட்டு, புண்ணு ஆறுற வரைக்குமாவது வேண்டாம். கொல்லைப் பக்கம் போயிப் பிடிச்சா எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத, காத்து இந்தப் பக்கந்தான் அடிக்கி.

என்னையும் நானே சொல்லிக்கிடணும். "காத்தாட விடு, பொருக்குக் கட்டுனாத்தான் ஆறும்"னு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பிருக்கேன். தப்புடே. 1962-லயே வின்டர்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் இங்கிலாந்துல பன்னிக்குட்டி முதுகுல புண்ணு பண்ணி, பாதியை மூடி வச்சு, பாதியைத் திறந்து போட்டுப் பாத்துட்டாரு. மூடி, ஈரப்பதமா வச்ச புண்ணு ரெண்டு மடங்கு வேகத்துல ஆறியிருக்கு. பன்னிக்குத் தெரிஞ்ச சங்கதி எனக்கு வந்து சேர 30 வருசம் ஆச்சு. கழுவி, கொஞ்சமா வாசலின் தடவி, துணி போட்டு மூடுனாலே பொருக்குக் கட்டாது. பொருக்கு இல்லன்னா நீ பிய்க்கவும் முடியாது. டிவி பாத்துக்கிட்டே முழங்கையில பொருக்கைச் சுரண்டிச் சுரண்டி, சோபா இடுக்குல போட்டவன்தான நீ?

தீப்புண்ணு கதையும் அதேதான். நம்ம ஊர்ல சுட்ட இடத்துல வைக்காத சாமானே கிடையாது. பேனா மை, பற்பசை, காப்பித்தூளு. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா, கால் பூரா தோசை மாவு. மாவைக் கழுவி எடுக்க எனக்கு அரை மணி நேரம், டாக்டர் புண்ணைப் பாத்தது அஞ்சு நிமிசம். சூடு எவ்வளவு ஆழம் இறங்குதோ அவ்வளவு தழும்பு. சுட்ட உடனே குழாயைத் திறந்து 20 நிமிசம் ஓடுற தண்ணியில காட்டணும். ஐஸ் கட்டியும் ஆகாது.

இப்ப உன் தங்கச்சி காதுக்கு வருவோம். காது மேல்மடல்ல ரெண்டாவது ஓட்டை போட்டா. மொதல்ல மிளகு, பொறவு சுண்டைக்காய், இப்ப நெல்லிக்காய். உங்க அம்மா நூலைக் கட்டி இறுக்கி அத்துரலாம்கா. உங்க பெரியப்பன், வெட்டி எறிஞ்சா ஒரு நிமிச வேலைங்கான். ரெண்டு பேரையும் கட்டிப் போடணும். தடிச்ச தழும்புல ரெண்டு சாதி. ஒண்ணு, எவ்வளவு தடிச்சாலும் காயம் பட்ட எல்லைக்குள்ளயே நிக்கும், ஒண்ணு ரெண்டு வருசத்துல தானா அமுங்கவும் செய்யும். இன்னொண்ணு, வரப்பை வெட்டி வெட்டி அடுத்தவன் வயல்ல ஏறுற உங்க பெரியப்பன் சாதி. எல்லையே தெரியாது அதுக்கு. அதுதான் கீலாய்டு. 200 வருசத்துக்கு முன்னால அலிபேர்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், நண்டு கொடுக்கைப் பரப்புற மாதிரி இருக்கேன்னு அந்தப் பேரை வச்சாரு. கருத்த தோலுக்கு அதிகம் வரும், 10 வயசுல இருந்து 30 வயசு வரைக்கும் அதிகம் வரும். காது, நெஞ்சு நடு, தோள்பட்டை, தாடை ஓரம் எல்லாம் அதுக்குப் பிடிச்ச இடம். பிறந்த உடனே இடது கையில காசநோய்க்குக் குத்துதாங்கள்ல பி.சி.ஜி., அந்தத் தழும்பே சில பேருக்குப் புடைச்சுக்கிட்டு நிக்கும்.

கீலாய்டை வெட்டிட்டு சும்மா விட்டா பாதிக்கு மேல திரும்ப வந்துரும்டே, பல தடவை முன்னையை விடப் பெருசா வரும். வெட்டுறதும் புதுக் காயம்தான. அந்த உடம்புக்குப் புதுக் காயம் கெடைச்சா தீவாளி. என் சர்வீஸ்ல ஒரு பையன் எங்கயோ போயி மூணு தடவை வெட்டிட்டு வந்தான். மூணாவது தடவை கடலை உருண்டை சைசுல இருந்துச்சு. அதுக்கு வைத்தியம், மாசத்துக்கு ஒரு தடவைங்கிற மாதிரி உள்ளயே ட்ரையம்சினலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசி. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட இடம் வெளுக்கலாம், குழியலாம், ஆனா மெல்ல அமுங்கும், அரிப்பு நிக்கும். குளிர வச்சு உறையச் செய்யுற வைத்தியமும் உண்டு. வெட்டித்தான் ஆகணும்னா வெட்டுன கையோட ஊசியோ, அழுத்தம் குடுக்கிற கம்மலோ, சில இடத்துல கதிர் வைத்தியமோ சேத்துச் செய்வாங்க. அவளுக்குச் சொல்லு: உடம்பு இந்தச் சாதின்னு தெரிஞ்சு போச்சு, இனி மூக்குல வளையம், தொப்புள்ல வளையம்ங்கிற பேச்செல்லாம் வேண்டாம்.

ஒனக்கு என்ன செய்யலாம்னுதான கேக்க? சிலிக்கான் ஒட்டு வாங்கு. அதுதான் காசுக்குக் கொஞ்சமாவது மானம் காக்குற சரக்கு. தோலு முழுசா மூடுன பொறவு, நாளைக்கு 12 மணி நேரத்துக்குக் கொறையாம, ரெண்டு மூணு மாசம் ஒட்டிக்கிடணும். நம்ம வெக்கையில உள்ள வேர்த்து அரிக்கும். எடுத்து சோப்புப் போட்டுக் கழுவிக் காயவச்சு ஒட்டணும். மோவாய்க்கு ஒட்டு நிக்காது, தாடி முளைக்கி, அதுக்கு ஜெல்லா வருது. பொறவு தினம் ரெண்டு வேளை விரலால அமுக்கித் தேய்ச்சு விடு, வட்டமா, குறுக்கால, நெடுக்கால. எண்ணெய் எதுவானாலும் சரி, தேங்காயெண்ணெய் போதும். வேலை செய்யுறது விரலுடே, எண்ணெய் வழுக்குறதுக்கு. குப்பியில இருக்கிற இந்த 400 ரூவா எண்ணெயும் வழுக்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கலை.

லேசர் லேசர்ங்க. லேசர் நல்லதுதான். செவப்பைக் குறைக்க ஒரு லேசர், மேடு பள்ளத்தைச் சமன் பண்ண ஒரு லேசர். ஆனா ஒரு தடவையில முடியாது, பல தடவை போகணும். நம்ம நெறத்துக்கு அளவு தெரியாதவன் வச்சா புதுசா ஒரு கறையைக் குடுத்து அனுப்புவான். மெஷினைப் பாக்காத, அதைப் பிடிச்சிருக்கிற ஆளு தோல் டாக்டருக்குப் படிச்சவரான்னு பாரு. உன் மாப்பிள்ளைத் தோழன் கன்னத்துல பருக் குழி இருக்கே, அவனுக்கும் சொல்லு: மேல எதைப் பூசுனாலும் குழி தூராது. ஊசியை விட்டு அடியில பிடிச்சிருக்கிற நாரை அறுத்து விடுறது, ஊசியால குத்திக் குத்திப் புது இழை வரவைக்கிறது, லேசர், இப்பிடி எல்லாம் உண்டு. நூத்துக்கு நூறுன்னு எவன் சொல்லுதானோ அவன் கடையை விட்டு வெளிய வந்துரணும்.

தழும்பை வெட்டித் திரும்பத் தைக்கிறதும் உண்டு. அதுக்கு ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுவாங்க. தோலுக்கு ஒரு வாட்டம் இருக்குடே, மரத்துல ரேகை ஓடுற மாதிரி. 1861-ல லாங்கர்னு ஆஸ்திரியா நாட்டு டாக்டர், பொணத்து மேல உருண்டைக் கூரூசியால குத்திப் பாத்தாரு. ஓட்டை உருண்டையா நிக்காம ஒரே வாட்டத்துல கண்ணு மாதிரி நீண்டுக்கிட்டு. அந்த வாட்டத்தோட போன வெட்டு மெல்லிசா ஆறும். குறுக்கால போனது அகலும், இழுக்கும். உன் மோவாய் வெட்டு வாட்டத்தோட போயிருக்கு. உன் புத்தி அதுல இல்ல, ரோட்டோட புண்ணியம். ஆனா ஒரு விசயத்துல மட்டும் பொறுமை கூடாது. தீப்புண்ணு ஆறும்போது கழுத்தோ, முழங்கையோ, விரலோ மடங்கி இழுத்துப் பிடிச்சா, வருசம் பாத்துக்கிட்டு உக்காரப்படாது. மொதல்ல இருந்தே கட்டை வச்சுக் கட்டி, மூட்டை நீட்டி மடக்கிப் பழக்கணும், இழுத்துட்டுன்னா பிளாஸ்டிக் சர்ஜரிக்காரங்கிட்ட போயிரணும். மெடிக்கல் காலேஜ் ஆசுபத்திரியில காசில்லாமலே பாக்காங்க.

என் நெத்தியில இருக்கிறது என்னன்னு கேக்கியா? சின்ன வயசுல மாடு முட்டுனதுடே. ஏ, நீ ஏன்டி சிரிக்க? சரி சரி, மாடு முட்டலை, மாட்டுத் தொழுவத்து நிலைப்படி முட்டுச்சு. உங்க ஆச்சி குளத்துல இருந்து குடத்தோட வந்துக்கிட்டு இருந்தா, நான் அண்ணாந்து பாத்துக்கிட்டே உள்ள நுழைஞ்சேன். 52 வருசமாச்சு. என்னையும் அவளையும் தவிர இந்த ஊர்ல எல்லாரும் மாடுன்னுதான் நம்பிக்கிட்டு இருக்காங்க.

பில்லு வச்சிருக்கியா? டியூப்பு மூணும் பிரிக்கலை, அந்த எண்ணெயும் பிரிக்கலை, இன்னைக்கே கொண்டு போயி குடு, கடைக்காரன் முனங்குவான், நில்லு, வாங்கிட்டு வா. அந்தத் துட்டுல சிலிக்கான் ஒட்டு எடு. செவ்வாய்க்கிழமை உன் தங்கச்சியைக் கூட்டிட்டு தோல் ஓ.பி.க்குப் போவோம், நானும் வாரேன், கிழவன்னா சீக்கிரம் உள்ள விடுவான். சோப்பைத் திருப்ப வேண்டாம், அதை இங்கன வச்சிட்டுப் போ. உங்க ஆச்சி வாசமா இருக்குங்கா.